அரிசிப் பலகாரமும் கோதுமைத் துகளும்

செட்டிநாட்டுப் பலகாரங்களில் பெரும்பாலானவை அரிசியையும் பருப்பையும் கொண்டே ஆக்கப்படுபவை என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை. தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், கைமுறுக்கு, அதிரசம் ஆகிய எதற்கும் கோதுமை வேண்டுவதில்லை. ஆகவேதான், காரைக்குடியை அடுத்த கிராமம் ஒன்றின் மகளிர் குழுவினர் சென்ற ஆண்டு ஒரு கடிதத்துடன் எமது அலுவலகத்திற்கு வந்தபோது அவர்கள் முகத்தில் வியப்பே மேலோங்கி நின்றது. சிங்கப்பூரில் வாழும் குடும்பம் ஒன்று பத்து கிலோ தேன்குழலும் சீடையும் கேட்டு எழுதியிருந்தது. தங்கள் மகனுக்குக் கோதுமை சிறிதளவும் ஆகாது என்றும், பலகாரத்தில் குளூட்டன் இல்லை என்பதற்கு அத்தாட்சி உண்டா என்றும் அதில் வினவியிருந்தனர். "அரிசி மாவிலே கோதுமை எப்படிங்க ஐயா வரும்?" என்றார் குழுத் தலைவி. கேள்வி எனக்கும் நியாயமாகவே பட்டது. அது எவ்வளவு தவறான எண்ணம் என்பது இரண்டொரு வாரத்தில் விளங்கிற்று.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவது இதனால்தான். அரிசியில் இஃது இல்லாமையால் அரிசி மாவு அவ்வாறு இழுபடுவதில்லை. சீலியாக் என்னும் வியாதி உள்ளவர்கள் குளூட்டனை உண்டால், அவர்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைச் சிதைத்துவிடுகிறது. உண்ட உணவு உடலில் ஒட்டாது, குழந்தைகள் வளர்ச்சி குன்றுவர், இரத்தசோகை உண்டாகும். ஆயுள் முழுதும் குளூட்டனை விலக்குவதே இதற்குள்ள சிகிச்சை. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே கோதுமையின்மீது முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டிப் பஞ்சம் ஏற்பட்டபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி மீண்டும் கிடைத்தபின் நோய் திரும்பியதும் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தின. தம் ஆராய்ச்சியை அவர் 1950-இல் வெளியிட்டார்.

நம் பக்கத்தில் இவ்வியாதியைப் பற்றிப் பலரும் கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வடக்கே ஆராய்ந்த பகுதியில் 1,000 பேரில் சுமார் 8 பேருக்கு இவ்வியாதி காணப்பட்டது. தெற்கே 10,000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே காணப்பட்டது. ஆனால் நம் பலகாரத்தை வாங்குவோர் நம்மூரிலேயே இருப்பவர் அல்லரே.

ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால்தான் அதைக் குளூட்டன் அற்றது என்று கூறலாம் என்பது சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ் 2008-இல் வகுத்த வரம்பு. நம் நாட்டு விதிகளும் அதே அளவைத்தான் கூறுகின்றன. ஆஸ்திரேலியாவிலோ, சோதனைக்குப் புலப்படும் அளவே இருத்தலாகாது. இருபது மில்லிகிராம் என்றால் எவ்வளவு? மைதாவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குளூட்டன் உண்டு என்று கொண்டால், பத்து கிலோ முறுக்கில் ஒரு தேக்கரண்டி மைதா கலந்தாலே வரம்பை எட்டிவிடும். குழுவினரிடம் இக்கணக்கைக் கூறியபோது ஒருவரும் நம்பவில்லை. தராசில் நிறுத்துக் காட்டிய பிறகே நம்பினர்.

அந்தத் தேக்கரண்டி எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். முதலில் அகப்பட்டது பெருங்காயம்! கலப்பற்ற பெருங்காயப் பிசின் ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து வருவது. காரமும் நெடியும் மிக்கது. ஆதலால் அதனோடு கோந்தும் மாவும் சேர்த்தே கடைகளில் விற்கிறார்கள். அம்மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. குழுவினர் வைத்திருந்த டப்பாவின் மேலேயே அது சிறு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதில் பாதி கோதுமையாயின், பத்து கிலோவுக்கு ஐந்து கிராம் பெருங்காயத்தூள் சேர்த்தாலே வரம்புக்கு வந்துவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளாக அந்த டப்பாவைப் படித்தவர் எவருமில்லை. நானும் என் வீட்டு டப்பாவை அன்று மாலைதான் படித்தேன்.

இரண்டாவது, மாவு மில். நம் வட்டாரத்தில் கோதுமை விளைவதில்லை. எனவே வயலிலும் களத்திலும் கலப்புக்கு இடமில்லை. விவசாயி தரும் அரிசி மில் வாசல்வரை தூய்மையாகவே வருகிறது. ஆனால் ரேஷன் கடைக் கோதுமையை அரைப்பதும் அதே எந்திரம்தான். மிளகாய் அரைத்த எந்திரத்தில் உடனே அரிசியை அரைக்க எந்தத் தாயும் ஒப்பமாட்டார், காரம் காட்டிக்கொடுத்துவிடும். கோதுமை அவ்வாறு காட்டிக்கொடுப்பதில்லை. மேலும், சோமாஸ் பொரித்த எண்ணெயிலேயே முறுக்கைப் பொரிப்பதும், கோதுமை வந்த சாக்கில் அரிசியைக் கட்டுவதும் வழக்கமாயிருந்தன.

இவற்றுள் எண்ணெயும் சாக்கும் எளிதில் திருத்தக்கூடியவை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விலைக்குக் கிடைக்கிறது. அது கிடைக்கும்வரை மிளகும் சீரகமும் போதும் என்றேன். பெருங்காயம் மணக்காதது தேன்குழலே அன்று என்று குழுவின் மூத்த அம்மையார் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அவர் கூற்றில் தவறில்லை. உண்மையில் கடினமானது மில்தான். அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமே ஒதுக்கிய சிறு அரைவை எந்திரம் ஒன்று வேண்டும். தனிக் குழுவுக்கு அது பாரம். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு அதனை வாங்கி, ஊராட்சியின் பொதுக் கட்டடம் ஒன்றில் நிறுவினால் நான்கைந்து குழுக்கள் பயன்படுத்தலாம். கிராம சபையில் ஒரு முறையேனும் இதைப் பேசிப் பார்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி அத்தாட்சி பற்றி. குளூட்டன் அற்றது என்பதற்கெனத் தனிச் சான்றிதழை உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்குவதில்லை. உணவு தயாரிப்போர் அனைவருக்கும் உரிய பதிவையோ உரிமத்தையோ முதலில் பெறவேண்டும். ஏற்றுமதி உரிமம் வேறு. பிறகு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பலகாரத்தைச் சோதித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே உறையில் அச்சிட வேண்டும். எலைசா என்னும் முறையில் இச்சோதனை நடைபெறுகிறது. ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரத்தில் குளூட்டன் சோதனையும் அடங்கியுள்ளதா என்று முன்னரே கேட்பது நலம். ஓர் அறிக்கை, அனுப்பிய மாதிரிக்கு மட்டுமே சாட்சி. அரிசி வாங்கும் இடமோ மில்லோ மாறினால் மீண்டும் சோதிக்க வேண்டும். சோதியாமல் அச்சிட்டு, அது பொய்யென்று தெரியவந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஐரோப்பியச் சீலியாக் சங்கங்களின் கூட்டமைப்புக்குரிய, குறுக்குக் கோடிட்ட கதிர்ச் சின்னத்தைப் பெறத் தணிக்கையும் கட்டணமும் உண்டு. சிறு குழுக்கள் அதற்கு இப்போதே விரைவது வீண்செலவு என்பது என் அபிப்பிராயம்.

குழுவினர் சிங்கப்பூருக்கு உண்மையையே எழுதினர்: பலகாரம் அரிசியால் ஆனது, ஆயினும் கோதுமை கலக்கவில்லை என்று இப்போது உறுதிகூற இயலாது, தங்கள் மகனுக்கு அனுப்ப அஞ்சுகிறோம். பத்து கிலோ வியாபாரம் அப்போது கைநழுவியது. புதிய அரைவை எந்திரம் சென்ற மாதம் வந்து சேர்ந்தது. அதில் அரைத்த மாவில் சுட்ட தேன்குழலின் மாதிரி, ஆய்வுக்கூடத்திற்குச் சென்றிருக்கிறது.