காதுக்கு ஏற்ற கால்குலேட்டர்

கணினியில் கால்குலேட்டரைத் திறந்தால் ஒரு கட்டம் தெரியும். ஏழு, எட்டு, ஒன்பது மேலே, பூச்சியம் அடியில், கூட்டலும் கழித்தலும் வலது ஓரத்தில். கையடக்கக் கருவியின் படத்தை அப்படியே திரையில் வரைந்திருக்கிறார்கள். கருவியில் இருந்தபோது அந்தக் கட்டத்தை விரல் தடவி இடம் கண்டது. திரைக்கு வந்ததும் தடவுவதற்கு ஒன்றும் இல்லை; கட்டம் கண்ணுக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. பார்வையற்றோருக்கான கால்குலேட்டர் என்றால் இந்தப் படத்துக்கு ஒரு குரலைப் பொருத்தினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. கட்டத்தை விட்டுவிட்டு, கணக்கையே கீபோர்டில் எழுதி, கணக்கையே காதால் கேட்கும்படி அதை அமைக்க வேண்டும்.

பேசும் கால்குலேட்டர் புதிதல்ல. அமெரிக்காவின் டெலிசென்சரி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1976-இல் ‘ஸ்பீச் பிளஸ்’ என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அதற்குத் தெரிந்தவை 24 சொற்கள். எண்களையும் குறிகளையும் சொல்ல அவ்வளவே போதுமானதாக இருந்தது. அதற்கும் முன்னால், கென்டக்கியைச் சேர்ந்த டிம் கிரான்மர், மணிகள் தாமாக நகராதபடி அடியில் மெத்தென்ற துணி பதித்த மணிச்சட்டம் ஒன்றை உருவாக்கியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மணிச்சட்டத்தை எப்போது தொட்டாலும் கணக்கு அங்கேயே இருக்கும். குரலோ சொன்ன மாத்திரத்தில் மறைந்துவிடும். ஆகவே பேசுவது பாதி வேலைதான். என்ன எழுதினேன், இப்போது எங்கே நிற்கிறேன் என்று மறுபடி கேட்டால் பதில் சொல்வது மீதிப் பாதி.

விண்டோஸ் கால்குலேட்டரை, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்துவதை எடுத்துக்கொள்வோம். டேப் விசையை அழுத்தி அழுத்தி இருபதுக்கும் மேற்பட்ட பொத்தான்களைக் கடப்பது, வீடு வீடாகக் கதவைத் தட்டி விலாசம் தேடுவது போன்றது. விசை தெரிந்தவருக்கு அந்த அலைச்சல் இல்லை. எண்பலகையின் 5-இல் சிறு மேடு இருக்கிறது. விரல் அங்கிருந்தே மற்ற எண்களுக்குப் போய்விடும். வர்க்கமூலத்துக்கு @, வர்க்கத்துக்கு கியூ, குறியை மாற்ற எஃப்9, அழிக்க எஸ்கேப். ஆனாலும் ஒரு பொறி உண்டு. சாதாரண முறையில் 2+3*4 என்று தட்டினால் விடை 20. ஆல்ட்டோடு 2-ஐ அழுத்தி அறிவியல் முறைக்குப் போய் அதையே தட்டினால் 14. முதலாவது, வழியிலேயே இரண்டையும் மூன்றையும் கூட்டிவிடுகிறது. திரையில் இடையே 5 தோன்றுவதைக் கண் பார்த்துவிடும். வேகமாகத் தட்டுபவரின் காதில் அந்த ஐந்து அடுத்த விசையின் ஒலியில் அமுங்கிப்போகலாம்.

முழுக் கணக்கையும் ஒரே வரியில் எழுதி எண்டர் தட்டும் முறையில் இந்தச் சிக்கல் எழாது. பைத்தான் என்ற நிரல் மொழியின் கட்டளை வரியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 12*(450-37.5) என்று எழுதினால் 4950.0 என்று விடை வரும். 37.5 தவறு என்று பிறகு தெரிந்தால், மேல் அம்பு பழைய வரியைத் திரும்பக் கொண்டுவரும். இட வல அம்புகளால் எழுத்தெழுத்தாகக் கேட்டு அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தலாம். கணக்கு மணிச்சட்டத்தைப் போலக் கையில் நிற்கிறது. ஓர் எச்சரிக்கை: வரியை மொத்தமாக வாசிக்கும்போது என்விடிஏ அடைப்புக்குறிகளை விழுங்கிவிடக்கூடும். என்விடிஏ விசையோடு பி-யை அழுத்தி, குறிகளைச் சொல்லும் அளவை உயர்த்திக்கொள்ள வேண்டும். அடைப்பு கேட்காத கணக்கு வேறு கணக்கு. படத்தை வாசிக்காமல் பொருளை வாசி என்ற இந்த எண்ணத்துக்கு முன்னோடி, பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன். 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் முடித்த முனைவர் ஆய்வு, கணிதச் சமன்பாடுகளை அவற்றின் மூலவடிவத்திலிருந்தே ஒலியாக்கியது. மறு ஆண்டு வெளிவந்த அவருடைய ‘ஈமாக்ஸ்பீக்’கும் திரையில் தெரிவதை ஒப்பிக்காமல் நிரலின் உள்ளடக்கத்தைப் பேசுகிறது.

ஃபோனிடம் வாயால் கேட்டால் விடை சொல்கிறதே, கீபோர்டு எதற்கு என்பார்கள். ஒற்றைக் கணக்குக்கு அது சரி. நான்கு அடைப்புகள் உள்ள கணக்கின் நடுவில் ஓர் எண்ணை வாய்மொழியால் திருத்துவது பெரும்பாடு. தேர்வு அறையில் அது நடக்கவே நடக்காது. தன் சம்பளத்தையும் கடனையும் பலர் நடுவே உரக்கச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? பார்வையற்றோருக்கென்று தனி நிரல் அவர்களை ஒதுக்குவதாகாதா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. ஆனால் பைத்தான் யாருக்காகவும் தனியே செய்யப்பட்டதல்ல. இணையத்தில் எல்லோரும் பயன்படுத்தும் டெஸ்மாஸ் கால்குலேட்டரே வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தை ஒலியாகக் கேட்க வைக்கிறது. பொதுக் கருவியை இப்படிக் கட்டினால் தனிக் கருவி வேண்டியிராது. கட்டாதவரை தனிக் கருவியைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. விசைகளை மனப்பாடம் செய்வது சிரமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் என்விடிஏ ஒரு வழி காட்டுகிறது: அதன் விசையோடு 1-ஐத் தட்டிவிட்டால், பிறகு தொடும் ஒவ்வொரு விசையும் தன் பெயரையும், என்விடிஏவில் அதற்கு வேலை இருந்தால் அதையும் சொல்லும். தன் விசைகளுக்கு எந்தக் கால்குலேட்டராலும் இதைச் செய்ய முடியும்.

நம் எண்களுக்கு இன்னும் ஒரு வசதி வேண்டும். 1,25,000 என்ற எண்ணை, ஆயிரம் மில்லியன் என்று எண்ணிப் பழகிய குரல் காற்புள்ளிகளில் துண்டாக்கிப் படித்தால், ஒன்றேகால் லட்சம் காதுக்கு எட்டாது. அதை லட்சமாகக் கேட்க ஒரு விசையும், இலக்கம் இலக்கமாகக் கேட்க இன்னொரு விசையும் வேண்டும்.