பின்வரிசையில் ஒரு பெருங்குரல்

விடுதியில் பக்கத்து அறை நண்பர் இளையராஜா பாடல் ஒன்றைச் சத்தமாக ஒலிக்கவிடுகிறார். சுவரைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்வது எது? பாடகரின் குரலும் வயலின்களும் மங்கிவிடும். ‘தும் தும்’ என்று நடைபோடும் ஓர் ஆழ்ந்த ஒலி மட்டும் வந்துவிடும். அதுதான் பாஸ் கித்தார். அதே பாடலைக் கைத்தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். குரல் தெளிவாக இருக்கும். அந்த ஆழ்ந்த ஒலி காணாமல் போயிருக்கும். நம்மில் பலர் இன்று பாடலின் பாதியைத்தான் கேட்கிறோம்.

பாஸ் கித்தாருக்கு ஓர் அண்ணன் உண்டு. எஸ்பிளனேடில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவின் நிகழ்ச்சிக்குச் சென்றவர்கள் கவனித்திருக்கலாம். ஆளுயரத்தையும் மிஞ்சும் வயலின் போன்ற கருவியை அணைத்தபடி மேடையோரத்தில் சிலர் இருப்பார்கள். அதுவே டபுள் பாஸ். சிங்கப்பூர்ச் சீன இசைக்குழுவும் இதைப் பயன்படுத்துகிறது. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு 196 முறை அதிர்கிறது. டபுள் பாஸின் தாழ்ந்த தந்தியோ சுமார் 41 முறைதான். பாஸ் கித்தாரின் நான்கு தந்திகளும் இதே சுருதியில்தான் சேர்க்கப்படுகின்றன. ஆகவே இந்தக் குரல் நம் காதுக்கு அந்நியமன்று.

வயலினை வரவேற்ற நாம், இதை ஏன் வரவேற்கவில்லை?

பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே வயலின் கர்நாடக இசைக்குள் வந்துவிட்டது. டபுள் பாஸ் வராததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். நம் இசைக்குத் தம்பூராவே அடித்தளம். கீழே தனியாக நகர்ந்து செல்லும் குரல் தேவைப்படவில்லை. அடுத்தது கமகம். வயலின் தந்தியின் தொடக்கத்தில் ஓர் அரைச்சுரம் நகர விரலுக்கு 2 சென்டிமீட்டர்கூட வேண்டாம். டபுள் பாஸில் சுமார் 6 சென்டிமீட்டர் வேண்டும்! அதில் கமகம் பிடிப்பது எளிதா?

அந்த நகரும் குரலைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியது திரையிசை. ‘மௌன ராகம்’ (1986) பாடல்களில் பாஸ் கித்தாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது தாளத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்பதில்லை. தனக்கென ஒரு மெட்டோடு நடக்கிறது. அதே 1986இல் இளையராஜா ‘ஹௌ டு நேம் இட்?’ இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் சமமதிப்பு தந்தவர் பாக்.

சரி, பக்கவாத்தியமே முன்னால் வந்தால்? அங்கேதான் சிக்கல். தாழ்ந்த ஒலி மற்றக் கருவிகளின் முழக்கத்தில் எளிதில் அமுங்கிவிடும். எனவே தனிக்கச்சேரியில் தந்திகளை ஒரு முழுச்சுரம் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. இசையமைப்பாளரும் தனி வாசிப்பு வரும் இடங்களில் பின்னணியை மெலிதாக்குவார்.

சீன இசையமைப்பாளர் டான் டுன் இந்தச் சவாலை ஏற்றவர். ‘குரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ படத்துக்காக 2001இல் ஆஸ்கர் விருது பெற்றவர். டபுள் பாஸை முன்னிறுத்தி, முழு இசைக்குழுவையும் அதற்குத் துணையாக வைத்து ஒரு படைப்பை உருவாக்கினார். 2015இல் ஆம்ஸ்டர்டாமில் டாமினிக் செல்டிஸ் அதை முதன்முதலில் வாசித்தார். அதற்குத் தூண்டுதல் ஜியாங் ரோங்கின் நாவல். ஆம், சி. மோகனின் தமிழாக்கத்தில் ‘ஓநாய் குலச்சின்னம்’ என்று நாம் படித்த அதே நாவல்தான்! மங்கோலியரின் குதிரைத்தலைப் பிடிலின் குரலை டான் டுன் டபுள் பாஸில் தேடினார். தன் நிலத்தின் குரலை அயல்கருவியில் கண்டெடுப்பது என்பது இதுதான்.

இளையராஜா 2025இல் லண்டனில் தம் சிம்ஃபனியை அரங்கேற்றினார். வழி திறந்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளில்? இணைப்பாட நடவடிக்கையாகப் பிள்ளை டபுள் பாஸைத் தேர்ந்தெடுத்தால், “ஏன், வயலின் கிடைக்கவில்லையா?” என்றுதான் முதலில் கேட்போம். மேல்வரிசைக் குரலே இசை என்று பழகிவிட்டோம்.

அடுத்த முறை தேக்காவில் ஏதோ ஒரு கடையிலிருந்து பழைய பாடல் கேட்டால், ஒரு நிமிடம் நில்லுங்கள். பாடகரை விட்டுவிட்டு, அடியில் நடந்து செல்பவரைப் பின்தொடருங்கள். பாடல் இரண்டு மடங்காகும்.