தீராத சோர்வும் நைட்ரைட்டும்

"அசதியாக இருக்கிறது" என்று நாம் சொல்லாத நாளும் உண்டோ? தேர்வுக்குக் கண்விழித்துப் படித்தால் அசதி. விளையாட்டு விழாவுக்கு ஓடிப் பழகினால் அசதி. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் அது பறந்துவிடும். ஆனால் எவ்வளவு தூங்கினாலும் தீராத சோர்வு ஒன்று உண்டு. அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சற்று நடந்தாலோ, சற்று நேரம் படித்தாலோ போதும், மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாது. பெரும்பாலும் ஒரு காய்ச்சலைத் தொடர்ந்து வரும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. மருத்துவ நூல்கள் இதனை நாட்பட்ட சோர்வு நோய் என்கின்றன.

1955ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இத்தகைய நோய் ஒன்று பரவியது. ஏறத்தாழ 300 பணியாளர்கள் படுத்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை மருத்துவமனையையே மூடவேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970இல், மனநல மருத்துவர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, "இது கூட்டமாக வந்த மனக்கிலேசம்" என்று எழுதினார்கள். நோயுற்றவர்களை அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதையே ஒரு சான்றாகவும் காட்டினார்கள்! அன்றுதொட்டுப் பல்லாண்டுகள் இந்நோயாளிகள் "பாசாங்கு", "சோம்பல்" என்ற சொற்களைக் கேட்டே வாழ நேர்ந்தது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததே இதற்குக் காரணம்.

அப்படியானால் வேறு எதைச் சோதிப்பது? இங்கேதான் வேதியியல் துணைக்கு வருகிறது.

நம் உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு ஓயாமல் உண்டாகிறது. இரத்தக் குழாய்களை விரியச் செய்வது இதன் பணிகளுள் ஒன்று. இதைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. (உடலுக்குள் இந்த வாயுவைத் தரும் நைட்ரோகிளிசரினைத்தான் ஆல்ஃபிரட் நோபலுக்கு அவர் கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது ஒரு வேடிக்கை.) ஆனால் இவ்வாயு சில விநாடிகளே நிலைத்திருக்கும், பிறகு நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறிவிடும். ஆகவே வாயுவைப் பிடிக்க முடியாத ஆய்வாளர்கள், ஆளைக் காணாதபோது காலடித் தடத்தைப் பார்ப்பதுபோல, நைட்ரைட்டை அளக்கிறார்கள். நாம் ஆய்வுக்கூடத்தில் நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை செய்கிறோமே, அதுபோல நைட்ரைட்டுக்கும் ஒரு நிறச்சோதனை உண்டு. கிரீஸ் என்ற ஜெர்மானியர் 1879இல் வெளியிட்டது. நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அவர் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேதியியலராக வேலை பார்த்தவர்!

இனி நோய்க்கு வருவோம். நம் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்டிரியாக்கள் உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும்போது, ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு சூப்பராக்சைடு என்னும் முரட்டுப் பொருளாகிவிடுகிறது. இதை அடக்க உடலில் தனி நொதியே இருக்கிறது. அடங்காமல் மிஞ்சியது நைட்ரிக் ஆக்சைடோடு கூடினால் பெராக்சிநைட்ரைட் பிறக்கும். இது கொழுப்பையும் புரதத்தையும் அரிப்பது. இவ்வகைப் பொருள்கள் உடலின் காப்பை மீறிப் பெருகும் நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பால் என்பவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். தொற்று நோய் வரும்போது கிருமியை எதிர்க்க உடல் நைட்ரிக் ஆக்சைடை மிகுதியாக உண்டாக்குகிறது; அதனால் பெராக்சிநைட்ரைட் பெருகுகிறது; அது மைட்டோகாண்டிரியாவின் நொதிகளைக் கெடுக்கிறது; கெட்ட மைட்டோகாண்டிரியாவிலிருந்து சூப்பராக்சைடு மேலும் கசிகிறது. மண்ணெண்ணெய் அடுப்பின் திரியில் கரி பிடித்தால் புகை மிகும், புகை மிக மிகக் கரியும் ஏறும் அல்லவா? அப்படி ஒரு சுழல். காய்ச்சல் போன பின்பும் சுழல் நிற்பதில்லை என்றார் அவர்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது இன்றும் கருதுகோள்தான், நிறுவப்பட்ட உண்மையன்று. நைட்ரைட் அளவிலேயே ஒரு சிக்கல் உண்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய இருக்கிறது. நம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கிவிடும். முதல் நாள் என்ன உண்டோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறினால் அதை எப்படி நம்புவது? சில ஆய்வுகள் நோயாளிகளிடம் இப்பொருள்கள் மிகுந்திருப்பதாகக் கூறுகின்றன. சில வேறுபாடே இல்லை என்கின்றன.

ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கான சான்றோ இதைவிட உறுதியானது. 2005இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார், கொழுப்பு அரிக்கப்படும்போது உண்டாகும் ஐசோப்ராஸ்டேன் என்னும் பொருள் நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருக்கக் கண்டனர். பருமனும் இரத்த அழுத்தமும் அதை உயர்த்தக்கூடியவை; அவை இல்லாத நோயாளிகளிடமும் அது உயர்ந்தே இருந்தது. அதே ஆண்டு பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூடும் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். அவர்களிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மற்றவர்களைவிட மிகுதியாக எழுந்து, நெடுநேரம் நீடித்தது. "நடந்தால் மறுநாள் எழ முடியவில்லை" என்று அந்தப் பெண்கள் சொல்லிவந்தது வீண்பேச்சல்ல என்பதற்கு நமக்கு இது ஒன்றே போதும்.

கோவிட் தொற்றுக்குப் பின் பலருக்கு இதே வகைச் சோர்வு நீடித்ததால் ஆய்வு மீண்டும் சூடுபிடித்தது. 2021இல் வெளியான ஒரு கட்டுரை இரு நோய்களிலும் ஆக்சிஜனேற்றச் சமநிலை குலைவதை ஒப்பிட்டுக் காட்டியது. எனினும் நோயை உறுதிசெய்ய ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை என்று எதுவும் இன்னும் வரவில்லை. வைட்டமின் மாத்திரைகளால் இது தீரும் என்றும் நிறுவப்படவில்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லும் சிகிச்சையை 2007இல் பரிந்துரைத்திருந்தது. 2021இல் அதை இந்நோயாளிகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று திருத்தி எழுதியது. எவ்வளவு வேலை தம் உடல் தாங்குகிறதோ அந்த எல்லைக்குள் நாளை வகுத்துக்கொள்ள அவர்களுக்குத் துணைசெய்யுமாறு மருத்துவர்களுக்கு இப்போது சொல்லப்படுகிறது.