கோடையில் அணையும் கணினி

மே மாதப் பிற்பகல். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் இணையவழியில் நிரப்பப்படும் காலம். தாம்பரத்தில் ஒரு வீட்டில் மாணவி ஒருத்தி பழைய மேசைக்கணினியின் முன் அமர்ந்து மதிப்பெண்களை உள்ளிட்டுச் சான்றிதழ்களைப் பதிவேற்றுகிறாள் எனக் கொள்ளலாம். திடீரெனத் திரை இருள்கிறது. மீண்டும் இயக்கினால் கணினி ஓடுகிறது. கால் மணி நேரத்தில் மறுபடியும் அணைகிறது. "வெயில் தாங்கவில்லை" என்கின்றனர் வீட்டார். "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார் பழுதுபார்ப்பவர். விண்ணப்பத்திற்கான கடைசி நாளோ நெருங்குகிறது.

இவ்விரு கூற்றுகளும் பெரும்பாலும் பிழையானவை. வெயில் மட்டும் நல்ல நிலையிலுள்ள கணினியை அணைத்துவிடுவதில்லை. தாய்ப்பலகை உண்மையிலேயே பழுதாகியிருப்பின், அது கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிக் காட்டுவதும் அரிது. பல மாதங்களாகக் கணினிக்குள் வளர்ந்துவந்த ஒரு குறையைக் கோடை வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிறது. அக்குறையை நூறு ரூபாய்ப் பசையும் ஒரு தூரிகையும் கொண்டு நீக்கிவிட முடிவதும் உண்டு.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

வழக்கில் பெட்டி முழுவதையுமே 'சிபியு' என்று அழைக்கிறோம். உண்மையில் அப்பெயருக்குரியது பெட்டிக்குள் அமைந்த நுண்செயலியே ஆகும். அதன் உள்ளிருக்கும் சிலிக்கான் சில்லு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். அச்சில்லு முழு வேகத்தில் இயங்கும்போது 65 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது எனில், அவ்வளவும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. கணக்குப் போடுவதும் படம் காட்டுவதும் மின்னாற்றலைச் சேமித்து வைக்கும் செயல்கள் அல்ல.

இதன் கடுமையை வீட்டிலுள்ள இஸ்திரிப்பெட்டியோடு ஒப்பிட்டு உணரலாம். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது; ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் என்றாகிறது. நுண்செயலியில் அதே அளவு பரப்பில் 40 வாட்டுக்கு மேல் வெளிப்படுகிறது. அதாவது, துணி தேய்க்கும் கருவியைப்போல் எட்டு மடங்கு செறிவான வெப்பம் ஒரு நகத்தளவு பரப்பிலிருந்து இடைவிடாது அகற்றப்பட வேண்டும்.

கணினியின் வரலாற்றில் வெப்பம் தொடக்கம் முதலே உடன்வந்துள்ளது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு 150 கிலோவாட் மின்திறனில் இயங்கியது. அதற்கெனத் தனிக் காற்றூதிகள் தேவைப்பட்டன. 2004ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் தான் வடிவமைத்துவந்த 'தேஜாஸ்' என்னும் நுண்செயலியைக் கைவிட்டது. வேகத்தை மேலும் மேலும் கூட்டினால் எழும் வெப்பத்தை அடக்க இயலாது என்பது அதற்கு முதன்மையான காரணம். ஒரே சில்லில் பல உள்ளகங்களை வைக்கும் இன்றைய முறை பரவியதும் அதன் பின்னரேயாகும்.

வெப்பம் செல்லும் வழி

வெப்பத்தை அழிக்க இயலாது; இடம் மாற்றவே இயலும். சில்லில் தோன்றும் வெப்பம் அதன் உலோக மூடிக்கும், அங்கிருந்து அதன்மேல் பொருத்தப்பட்ட வெப்ப உறிஞ்சிக்கும் கடத்தல் முறையில் செல்கிறது. கடைக்காரர்கள் ஹீட்சிங்க் என்று கூறுவது இதனையே. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே விசிறி காற்றைச் செலுத்துகிறது. சூடேறிய காற்று பெட்டியை விட்டு அறைக்கும், அறையிலிருந்து வெளிக்கும் போகிறது. இவ்வழியில் எந்த ஓரிடம் அடைபட்டாலும் அதற்கு முன்னுள்ள அனைத்தும் சூடேறும்.

இவற்றுள் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத இடம், நுண்செயலியும் வெப்ப உறிஞ்சியும் சேரும் பரப்பாகும். வழவழப்பாகத் தோன்றும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அவை சிற்சில மேடுகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. எஞ்சிய பள்ளங்களில் காற்று நிற்கிறது. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட், காற்றினுடையதோ 0.026 மட்டுமே. அக்காற்றை வெளியேற்றிப் பள்ளங்களை நிரப்புவதற்கே வெப்பப் பசை தடவப்படுகிறது. பசையின் கடத்துத்திறன் உலோகத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. காற்றைவிடப் பன்மடங்கு மேலானது, அவ்வளவே. எனவே அதனை மிகுதியாகப் பூசுவது நன்மை தராது. ஆண்டுகள் செல்லச்செல்லப் பசை உலர்ந்து வெடித்து, காற்று மீண்டும் இடையில் புகுந்துவிடும்.

ஏன் மே மாதத்தில்?

வெப்ப உறிஞ்சியும் விசிறியும் நுண்செயலியை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிறுத்துவதில்லை. சுற்றியுள்ள காற்றைவிட அது எவ்வளவு கூடுதலாகச் சூடேறலாம் என்பதையே அவை தீர்மானிக்கின்றன. நல்ல நிலையில் உள்ள அமைப்பு, ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி செல்சியஸ் உயர்வை அனுமதிக்கிறது எனக் கொண்டால், 65 வாட்டுக்கு உயர்வு ஏறத்தாழ 33 டிகிரி. காற்று 27 டிகிரியில் இருக்கும் தை மாதத்தில் நுண்செயலி 60 டிகிரியிலும், காற்று 38 டிகிரியைத் தொடும் வைகாசியில் 71 டிகிரியிலும் இருக்கும். இரண்டுமே பாதுகாப்பானவை.

இனி, தூசி அடைந்து பசையும் உலர்ந்து, அதே அமைப்பு வாட்டுக்கு ஒரு டிகிரி என்னும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டதாகக் கொண்டால், உயர்வு 65 டிகிரியாகிறது. தை மாதத்தில் நுண்செயலி 92 டிகிரியில் ஓடுகிறது. விசிறி சற்று இரைவதைத் தவிர வேறு அறிகுறி இல்லை. வைகாசியில் அது 103 டிகிரி. பெரும்பாலான மேசைக்கணினி நுண்செயலிகள் ஏறத்தாழ 100 டிகிரியை எல்லையாகக் கொண்டவை. அவ்வெல்லையை நெருங்கியதும் நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் வெப்பம் அடங்காவிடில் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மாணவியின் திரை இருண்டது இதனால்தான். குறை தை மாதத்திலேயே இருந்தது. எல்லையைத் தாண்டவைத்த 11 டிகிரியை மட்டுமே கோடை சேர்த்தது.

தென்புறநகர்களில் இந்தப் பதினொரு டிகிரி சற்று எளிதாகவே வந்துசேர்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளுக்கு நண்பகலை ஒட்டி வரும் கடற்காற்று, உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்தை அடையச் சிறிது நேரமாகும். மேலைக்காற்று வலுத்து வீசும் நாள்களில் அது மேலும் தாமதமாகும். அன்று பிற்பகல் முழுவதும் புழுக்கமும் வெப்பமும் நீடிக்கும். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது நினைவுகூரத்தக்கது. தூசியும் உடன்சேர்கிறது. தூய காற்றையே மருந்தாகக் கருதிய காலத்தில், 1928இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய நிலையத்தை நிறுவியது தாம்பரத்தில்தான். சானடோரியம் என்னும் தொடர்வண்டி நிலையத்தின் பெயர் அதன் எச்சமாகும். இன்று அந்நிலையத்தை ஒட்டி ஓடும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓர வீடுகளில் சன்னலைத் திறந்துவைத்தால் ஒரே நாளில் மேசைமேல் விரலால் எழுதலாம்.

பழுதைத் தேடுதல்

முதலில், காரணம் வெப்பம்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். மின்வழங்கி, நினைவகம் ஆகியவற்றின் கோளாறுகளும் கணினியை அணைக்கக்கூடும். கணினியைத் தொடங்கும்போது தோன்றும் பயாஸ் பக்கத்தில் நுண்செயலியின் வெப்பநிலை காட்டப்படும், எச்.டபிள்யூ.மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு, வேலை நடக்கும்போதே அதனைக் காணலாம். ஓய்வில் 40 முதல் 50 டிகிரியும், கடும் வேலையில் 70 முதல் 80 டிகிரியும் காட்டினால் குறை வேறிடத்தில் உள்ளது. எந்த வேலையும் தராத நிலையிலும் வெப்பநிலை உயர்ந்தே இருந்தால், பின்புலத்தில் தேவையற்ற நிரல் ஏதேனும் நுண்செயலியை ஓயாது இயக்குகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிடுவது நன்று.

அணையும் நேரமும் ஒரு சான்றாகும். இயக்கிய ஒரு நிமிடத்திற்குள்ளாகவே அணைந்தால் விசிறி நின்றிருக்கலாம். அல்லது வெப்ப உறிஞ்சி நுண்செயலியின்மேல் சரியாக அமராதிருக்கலாம். இன்டெல் நுண்செயலிகளுடன் வரும் விசிறிகள் நான்கு நெகிழி ஊசிகளால் தாய்ப்பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று நழுவினாலும் வெப்ப உறிஞ்சி ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். கால் மணி, அரை மணி கழித்து அணைந்தால் தூசி, உலர்ந்த பசை, பெட்டிக்குள் தேங்கும் காற்று ஆகியவற்றை ஐயுறலாம்.

இம்மூன்றையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பழுதுபார்ப்போர் பலரும் செய்யாமல் விடுவது இது. பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை உள்நோக்கித் திருப்பிவைத்து, அதே வேலையை மீண்டும் செய்யச் சொல்ல வேண்டும். முன்பு 95 டிகிரி காட்டியது இப்போது 80க்கு இறங்கினால், குறை பெட்டியின் காற்றோட்டத்தில் உள்ளது. இரண்டு மூன்று டிகிரி மட்டுமே இறங்கினால், காற்று தாராளமாகக் கிடைத்தும் வெப்பம் அதனிடம் வந்துசேரவில்லை என்று பொருள். தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருப்பின் கண்ணுக்கே தெரியும். அங்குத் தூசி இல்லையெனில் குறை பசையில் உள்ளது. ஒரு ரூபாயும் செலவின்றி, எங்கே கைவைக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. ஓடும் விசிறிகளில் விரல் படாமல் காப்பது மட்டும் கட்டாயம்.

தூய்மையும் பசையும்

தூய்மை செய்யுமுன் மின்இணைப்பைப் பிடுங்கி, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தைப் போக்க வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால் உடலில் தேங்கிய நிலைமின்னூட்டமும் நீங்கும். மென்மையான தூரிகையும் சிறு காற்றூதியும் போதும். ஊதும்போது விசிறியின் இறக்கைகள் தறிகெட்டுச் சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அதன் தாங்கி தேயும். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனை வெளியிலிருந்து ஊதினாலே போதும்.

வெப்ப உறிஞ்சியைக் கழற்றுவதில் பொறுமை தேவை. உலர்ந்த பசை பிசின்போல் பிடித்துக்கொண்டிருக்கும். நேராக இழுத்தால் சிலவகை ஏ.எம்.டி. நுண்செயலிகள் பொருத்துவாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சில நிமிடம் ஓட்டிப் பசையை இளக்கி, அணைத்து மின்இணைப்பைப் பிடுங்கியபின், இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதே முறை. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப்பசை வைத்தால் போதும். வெப்ப உறிஞ்சியின் அழுத்தமே அதனைப் பரப்பிவிடும். திருகாணிகளை ஒரே பக்கத்தில் இறுக்காமல் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

பெட்டியும் அறையும்

பல வீடுகளில் கணினியின் முதல் பகை, அதற்கென்றே வாங்கிய மேசையாகும். மூன்று பக்கமும் அடைத்த மரக்கூட்டுக்குள் பெட்டியைச் செருகிச் சுவரோடு ஒட்டிவைத்தால், பின்புறம் வெளியேறும் சூடான காற்றே திரும்பவும் முன்புறம் உள்ளே இழுக்கப்படும். நுண்செயலிக்கு அறையின் 35 டிகிரி கிடைப்பதில்லை. 45 டிகிரியே கிடைக்கிறது. பெட்டியைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, பின்புறம் ஒரு சாண் இடம்விட்டு வைப்பதே பெரும் மாற்றம் தரும். அதற்காகத் தரையில் வைப்பதும் சரியன்று. பெருக்கும்போது எழும் தூசி முழுவதும் உள்ளே போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி முடிச்சூர்ப் பகுதி வீடுகளுக்குள் நீர் புகுந்ததைக் கண்டவர்களுக்குத் தரையில் வைக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் தெரியும்.

பெட்டியின் முன்புறம் காற்றை உள்ளிழுக்க ஒரு விசிறியும், பின்புறம் வெளியேற்ற ஒரு விசிறியும் இருத்தல் நலம். விசிறியின் சட்டத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமாகவே பொதுவாகக் காற்று வெளியேறும். இதனைக் கவனியாது இரண்டையும் உள்நோக்கிப் பூட்டிவிட்டால் பயனில்லை. பக்கத்தகட்டை நிரந்தரமாகத் திறந்துவைப்பது தற்காலிகத் தீர்வேயாகும். தூசியோடு, எலியும் பல்லியும் கரப்பானும் உள்ளே குடிபுகும்.

குளிர்விப்பதாக எண்ணிப் பனிக்கட்டிப் பையை அருகில் வைப்பது தீங்கானது. சென்னையின் கோடைக்காற்றில் ஈரம் மிகுதி. 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியிலேயே அந்த ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கலாம். அது படிவது மின்சுற்றுகளின் மேலாகும். குளிர்சாதன அறையில் இச்சிக்கல் எழுவதில்லை, அக்கருவி காற்றின் ஈரத்தையும் நீக்கிவிடுவதால். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சிறுசேரி சிப்காட் வளாகத்தில் இயங்கும் தரவு மையங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆயிரக்கணக்கான சில்லுகளின் வெப்பத்தைக் குளிர்ந்த காற்றோ நீரோ வாங்கிக்கொண்டு, இறுதியில் அதே புறநகர்க் காற்றில் விடுகின்றது.

தூய்மை செய்வதற்கு ஏற்ற மாதம் பங்குனி. சித்திரை பிறக்குமுன் பெட்டியைத் திறந்து துடைத்து, முழு வேலையில் காட்டும் வெப்பநிலையையும் அன்றைய அறை வெப்பநிலையையும் ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். அடுத்த பங்குனியில் அவ்விரண்டின் வேறுபாடு பத்து டிகிரி கூடியிருந்தால் பசை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோத்த தூசி தகடுகளில் சேறுபோல் இறுகியிருக்கும். அதனைத் தூரிகை மட்டும் நீக்காது, வெப்ப உறிஞ்சியைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். கழுவியதை ஒருநாள் முழுதும் வெயிலில் உலர்த்திய பின்னரே மீண்டும் பூட்ட வேண்டும்.