‘அரட்டை’க்குப் போனவர்கள் திரும்பி வந்தது ஏன்?

ஹைதராபாதிலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பட்டான்செருவிலும், பக்கத்து ராமச்சந்திராபுரத்திலும் பிழைப்பை முன்னிட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ‘பெல்’ தொழிற்சாலை, 1972-ல் தோன்றிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், மருந்துக் கம்பெனிகள் என்று வேலைக்கு இங்கே குறைவில்லை. ஊர்ச் சேதி ஒரு காலத்தில் இன்லண்டு கடிதத்தில் வந்தது. பிறகு எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நின்றார்கள். இன்று காதுகுத்து அழைப்பு முதல் சாவுச் செய்தி வரை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான்.

2025 செப்டம்பர் கடைசியில் அந்த வழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனம் 2021-லேயே வெளியிட்டிருந்த ‘அரட்டை’ என்ற செயலி திடீரென்று பிரபலமாயிற்று. உள்நாட்டுச் சரக்கையே வாங்குவோம் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. மத்திய அமைச்சர்களும் சிபாரிசு செய்தார்கள். மூன்றே நாளில் அன்றாடப் பதிவு 3,000-லிருந்து 3,50,000 ஆக ஏறியதாக ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். பெயரே தமிழ் என்பதில் வெளி மாநிலத் தமிழர்களுக்குத் தனி மகிழ்ச்சி. தெலுங்கு நண்பர்களுக்கு ‘ற’கரமா ‘ர’கரமா என்று விளக்க வேண்டிய வேலையும் சேர்ந்து கொண்டது!

ஆனால் சில வாரங்களில் வேகம் தணிந்துவிட்டது. பரபரப்பு எழுந்த சமயத்தில் அதில் குரல் அழைப்புக்கு இருந்த முழு ரகசியக் காப்பு எழுத்துச் செய்திக்கு இல்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகன் மாறினாலும் தென்காசியில் இருக்கும் தாயார் மாறவில்லை. தாயார் மாறினாலும் அத்தையும் தாய்மாமனும் மாறவில்லை. பள்ளிக்கூடக் குழு, ஷிப்டு மாற்றம் சொல்லும் கம்பெனிக் குழு, காஸ் ஏஜென்சி எல்லாமே பழைய இடத்தில். தனியாகப் போனவர் யாரோடு அரட்டை அடிப்பது?

2021 ஜனவரியிலும் இதே கதைதான். வாட்ஸ்அப் தன் அந்தரங்கக் கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்ததும் கோபித்துக்கொண்டு சிக்னல், டெலிகிராம் பக்கம் ஓடியவர்கள் ஏராளம். கம்பெனி பிப்ரவரி 8 கெடுவை மே 15-க்குத் தள்ளி வைத்தது. ஓடியவர்களில் பலர் பழைய செயலியையும் நீக்காமல் வைத்திருந்தார்கள்.

கூட்டம் கலைவதும் இப்படிக் கூட்டமாகத்தான். 2004-ல் தொடங்கி இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த ஆர்குட், நண்பர்கள் ஃபேஸ்புக்குக்குப் போகப் போக வெறிச்சோடி, 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. ட்விட்டருக்கு மாற்றாக வந்த ‘கூ’ 2024-ல் கடையைக் கட்டியது.

கைபேசிக் கம்பெனியை மாற்றினாலும் பழைய எண்ணை வைத்துக்கொள்ள 2011 முதல் நாடெங்கும் வசதி உண்டு. ஒரு வங்கிச் செயலியிலிருந்து இன்னொன்றுக்கு யு.பி.ஐ. மூலம் பணம் போகிறது. செய்தி மட்டும் ஏன் போகக்கூடாது என்பதே வேம்புவின் கேள்வி. ஐரோப்பாவில் சட்டத்தின் கட்டாயத்தால் வாட்ஸ்அப் பிற செயலிகளுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. இங்கே அப்படிச் சட்டம் ஏதும் இல்லை.

அதுவரை மாற நினைப்பவர் செய்யக்கூடியது ஒன்று: அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது தாயாரின் கைபேசியில் புதிய செயலியை ஏற்றி, பழகிக் கொடுத்துவிட்டு வருவது. அதற்கு முன் குடும்பக் குழுவை விட்டு வெளியேறினால், ஊரில் நடந்த துக்கம் பட்டான்செருவுக்கு மறுநாள்தான் தெரியவரும்.