மருந்துக்கு அடங்காத நுண்காளான்

ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட் வகையைச் சேர்ந்ததே கேண்டிடாவும். நம் வாயிலும் குடலிலும் அமைதியாகக் குடியிருக்கும் இது, உடல் நலிந்தால் நோயாகிறது. கைக்குழந்தையின் நாவில் படியும் வெண்படலம் இதன் வேலையாக இருக்கலாம்.

இதன் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் தேவை. அதை ஆக்கும் நொதியை ஃப்ளூகோனசோல் மருந்து முடக்குகிறது. ஆனால், பெருகும்போது சிலவற்றின் மரபணு தற்செயலாக மாறுகிறது. நொதியின் வடிவம் திரிய, மருந்து அதைப் பற்ற இயலாது போகிறது. வேறு சில, உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. மற்றவை மடிய, இவையே எஞ்சிப் பல்குகின்றன.

2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கண்டறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு அடங்குவதில்லை.

பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதையும், மருத்துவர் குறித்த நாளுக்கு முன்பே நிறுத்துவதையும் தவிர்ப்போம். மருந்தும் ஓர் அமானிதமே.