ஒரே மருந்து, வேறு வேறு பலன்: காரணம் என்ன?

மாணவர்களே, ஒரே நோய் கண்ட இருவருக்கு ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தால் பலனும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் கதிரியக்க மருந்து அப்படி வேலை செய்வதில்லை. அதற்கான காரணத்தை மரபணுக்களில் தேடுகிறார்கள் அறிவியலாளர்கள்.

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சிறிய சுரப்பி. அங்கு தோன்றும் புற்றுநோய் எலும்புகளில் பல இடங்களுக்குப் பரவிவிட்டால், அறுவை சிகிச்சை செய்து முழுவதையும் அகற்ற இயலாது. ஆகவே, கதிரியக்கப் பொருளையே இரத்தத்தில் செலுத்தி, புற்றுநோய் இருக்கும் இடங்களுக்கு அனுப்புகிறார்கள்.

இம்மருந்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, புற்றுநோய் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ‘பிஎஸ்எம்ஏ’ என்ற புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு. மற்றொன்று, லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமம். அதிலிருந்து வெளிவரும் பீட்டா துகள்கள் திசுவுக்குள் அதிகபட்சம் சுமார் 2 மில்லிமீட்டர் தூரமே செல்லும்.

831 நோயாளிகள் பங்கேற்ற ‘விஷன்’ ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.3 மாதங்கள். இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 15.3 மாதங்கள். மறு ஆண்டே அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால், நோயின் போக்கைக் காட்டும் ‘பிஎஸ்ஏ’ என்ற இரத்தப் புரதம் பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தது, மருந்து பெற்றவர்களில் 100க்கு 46 பேருக்குத்தான்.

மற்றவர்களுக்கு ஏன் குறையவில்லை?

முதலில், மருந்து ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். பிஎஸ்எம்ஏ புரதத்தை உருவாக்கும் மரபணு நம் எல்லாரிடமும் உண்டு. ஆனால் சில புற்றுநோய் உயிரணுக்களில் அது அடங்கிக் கிடக்கும். புரதம் இல்லையென்றால் மருந்து பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே ‘பெட்’ ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, பழுதுபார்க்கும் திறன். கதிர்வீச்சு உயிரணுவின் டிஎன்ஏ இழையைச் சேதப்படுத்துகிறது. அறுந்த இழையைச் சரிசெய்ய ‘பிஆர்சிஏ2’, ‘ஏடிஎம்’ போன்ற மரபணுக்கள் உதவுகின்றன. இவை கெட்டுப்போனால் புற்றுநோய் உருவாகும் வாய்ப்பு கூடும். அதே கோளாறு, கதிர்வீச்சு தாக்கும்போது புற்றுநோய்க்கே பலவீனமாகலாம். சேதத்தைச் சரிசெய்ய முடியாமல் அந்த உயிரணு மடியக்கூடும். எனினும், இதுவரை நடந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரியாக உறுதிப்படுத்தவில்லை.

‘டிபி53’ மரபணுவின் கதை வேறு. சேதமடைந்த உயிரணுவை ‘பெருகாதே, நின்றுவிடு’ என்று தடுப்பது அதன் வேலை. அது பழுதானால், அடிபட்ட உயிரணுவும் தொடர்ந்து பெருகும். இத்தகைய மாற்றம் உள்ள நோயாளிகளுக்குச் சிகிச்சையின் பலன் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

சில மாதங்களே கையில் இருக்கும் ஒருவருக்குப் பலன் தராத சிகிச்சையில் காலம் கழிவது பெரிய இழப்பு. யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே அறிவது அதனால்தான் முக்கியம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிஆர்சிஏ2 கோளாறு பரம்பரையாகவும் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு மார்பகம், சூலகம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயத்தையும் அது கூட்டுகிறது. ஆகவே, தந்தைக்குச் செய்யும் மரபணுச் சோதனை, மகனையும் மகளையும் முன்னதாகவே எச்சரித்துக் காக்க உதவலாம்.